ஐம்பதாம் நம்பர் ரீல் எதற்கு?

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் தூண்டில் போடுகிற தம்பி தங்கைகளுக்கு,

ஜூலை 31-ஆம் தேதியோடு மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து, நாரளி பூர்ணிமைக்குக் கோலி மீனவர்கள் கடலில் தேங்காய் விட்டு, அலையும் அடங்கியபின் வெர்சோவாவில் ஒரு ஃபைபர் படகை சீசனுக்குப் பேசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஓடுகிற படகின் பின்னால் இரையை இழுக்கிற டிரோலிங்குக்கு நாலு ரீல் வாங்கப்போவதாகவும் சொன்னார்கள். சந்தோஷம். டிராம்பே ஜெட்டியில் கெளுத்தி பிடித்துக்கொண்டே எத்தனை நாள் காலம் தள்ளுவது.

ஆனால் பட்டியலைப் பார்த்ததும் பகீரென்றது. லீவர் டிராக் வைத்த ஐம்பதாம் நம்பர் இரண்டு. கனடாவில் ஸ்கார்பரோவுக்குப் போய்விட்ட நம்ம பையன் லீவுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்ன மஸ்கி ரீல் இரண்டு, அதுவும் லைன் கவுண்டரோடு. முதல் இரண்டும் நம் படகுக்கு அதிகம். மற்ற இரண்டும் அருமையான சாமான்தான், ஆனால் வேறு தண்ணீருக்குச் செய்தவை. வேலையில் இருந்தபோது ஃபிட்டர், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ரீல்களைக் கழற்றி மாட்டுகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

நீங்கள் ரீலை மீனின் எடையை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கடைக்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்: "எத்தனை கிலோ மீன் பிடிக்கப்போறீங்க?" அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாதீர்கள். மீன் எவ்வளவு தூரம் ஓடும், படகுக்குப் பின்னால் இழுபடுகிற இரை எவ்வளவு கனமாக இழுக்கும், தண்ணீர் உப்பா நன்னீரா, இந்த மூன்றும்தான் அளவைத் தீர்மானிக்கும். எடை அதற்கெல்லாம் பின்னால்தான்.

மஸ்கியையே எடுத்துக்கொள்வோம், அந்தப் பையன் படம் படமாக அனுப்பி உங்களைக் கிறங்கடித்திருக்கிறான் இல்லையா. மஸ்கலஞ்ச் என்பது முழுப்பெயர். வட அமெரிக்காவின் பேரேரிகளிலும், செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும், மிசிசிப்பியின் மேல்பகுதியிலும் வாழும் நன்னீர் மீன். வாத்து அலகு மாதிரி நீண்ட வாய், வாய் நிறையப் பல். பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று அங்கே அதற்குப் பேர். வீசி அலுத்தவர்கள்தான் டிரோலிங்குக்குப் போகிறார்கள். ஒன்டாரியோவுக்கும் மிச்சிகனுக்கும் நடுவே செயின்ட் கிளேர் என்று ஓர் ஏரி இருக்கிறது. சராசரி ஆழம் மூன்றரை மீட்டர்கூட வராது, ஆனால் பரப்பு கண்ணுக்கெட்டாது. மஸ்கி டிரோலிங்குக்குப் பேர் போன இடம். மணிக்கு ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர் வேகத்தில் படகை விட்டு, ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட நீளமான மரமீன், பிளாஸ்டிக் மீன்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுவார்கள். படகுக்குப் பின்னால் பெரும்பாலும் பத்து, பதினைந்து, இருபது மீட்டர் நரம்புதான் வெளியே இருக்கும்.

அங்கேயும் பெரிய ரீல்தான் போடுகிறார்கள். அபு 6500, 7000, ஷிமானோ டெகோட்டா 500, 600 என்று போகும். ஏன்? மஸ்கி வெகுதூரம் ஓடுகிற மீன் அல்ல. கடித்ததும் தலையை உதறும், படகுப் பக்கத்தில் வந்து இரண்டு தடவை முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். 200 மீட்டர் நரம்பு அதற்குத் தாராளம். பெரிய ரீல் எதற்கென்றால், அந்த முழ நீள இரை தண்ணீரை வாரிக்கொண்டு ஆழத்துக்குப் போகும்போது கொடுக்கிற இழுவை. பல மணி நேரம் அதைத் தாங்கவும், மீனே இல்லாமல் புல் பிடித்த இரையை இருபது தடவை சுருட்டி இழுக்கவும் கனமான பல்சக்கரமும் நீண்ட கைப்பிடியும் வேண்டும். பல்சக்கர விகிதமும் தாழ்வாக, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வைப்பார்கள். வேகம் குறையும், பலம் கூடும். ஆக அந்த ரீலின் உடம்பு இரைக்காக அமைந்தது.

சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் பதிவில் உள்ள மிகப் பெரிய மஸ்கி 1949-இல் விஸ்கான்சினில் பிடிபட்டது, முப்பதரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாம் தேடிப் போகிற சுர்மை, ஊரில் சீலா என்றும் நெய்மீன் என்றும் வஞ்சிரம் என்றும் சொல்கிற அதே மீன், 1982-இல் தென்னாப்பிரிக்க நடால் கரையில் ஏறத்தாழ 45 கிலோவுக்குப் பிடிபட்டிருக்கிறது. நம் கடலில் நாலு கிலோ, ஆறு கிலோ வந்தாலே படகை ஓட்டுகிற தாண்டேல் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். எடையை வைத்துப் பார்த்தால் நமக்குச் சின்ன ரீல், அவர்களுக்குப் பெரிய ரீல் என்று முடிந்துவிடும். அப்படி முடியாததற்குக் காரணம் சுர்மையின் ஓட்டம். கடித்த முதல் மூச்சிலேயே ஐம்பது, நூறு மீட்டர் நரம்பைச் சீறிக்கொண்டு உருவும். ஆறு கிலோ மீனுக்கும் அந்தக் குணம் உண்டு.

இந்த ஓட்டத்தில் ரீலுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்காகச் சொல்கிறேன், இதுதான் முக்கியமான இடம். நரம்பு நிறைந்த ஸ்பூல் ஒன்றின் விட்டம் 6 செ.மீ., நடுத்தண்டின் விட்டம் 3 செ.மீ. என்று வையுங்கள். மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து வழுக்கவிடுகிற பிரேக்தான் டிராக், அது 3 கிலோ. டிராக் தட்டுகள் பிடிக்கிற பிடி மாறாது. ஆனால் நரம்பு போகப்போக ஸ்பூலின் விட்டம் சுருங்குகிறது, அப்போது அதே பிடியில் நரம்பை உருவ மீன் கூடுதலாக இழுக்க வேண்டும். விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பு. இப்போது இரண்டு ரீல். ஒன்றில் 400 மீட்டர் நரம்பு. இன்னொன்று அதே விட்டம், அகலம் குறைவு, 150 மீட்டர்தான் பிடிக்கும். சுர்மை இரண்டிலும் 100 மீட்டர் உருவிவிட்டது. முதல் ரீலில் விட்டம் 5.4 செ.மீ.க்கு இறங்கி, 3 கிலோ டிராக் 3.3 ஆகியிருக்கும். இரண்டாவதில் விட்டம் 4.2 செ.மீ.க்கு வந்து, டிராக் நாலேகால் கிலோவைத் தொட்டிருக்கும். நீங்கள் கைவைக்காமலே ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. வெளியே கிடக்கிற நூறு மீட்டர் நரம்பைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கிறது. முக்கொக்கி போட்ட இரை சுர்மையின் வாயோரத்தில் தோலில்தான் பெரும்பாலும் மாட்டியிருக்கும். கிழிந்துகொண்டு வந்துவிடும். போன சீசனில் "கிட்ட வந்து போச்சு மாமா" என்று நீங்கள் சொன்ன மீன்களில் பாதி இந்தக் கணக்கில்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஐம்பதாம் நம்பரே போடலாமே, நரம்பு நிறையப் பிடிக்குமே என்பீர்கள். நம்பர் எப்படி வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 20, 30, 50, 80, 130 என்று லீவர் டிராக் ரீல்களில் போட்டிருப்பது அந்த ரீல் எத்தனை பவுண்டு நரம்புக்கு வடிவமைக்கப்பட்டது என்ற கணக்கு. சாதனைப் பதிவுக்காகப் பகுத்த நரம்பு வகைகளிலிருந்து வந்தது. பழைய பென் செனட்டர்களில் 4/0, 6/0, 9/0 என்றிருக்கும். அது வேறு வரிசை, சுமாராக 4/0 முப்பதுக்கும், 6/0 ஐம்பதுக்கும், 9/0 எண்பதுக்கும் சமம். ஜப்பான் கம்பெனிகளின் 300, 500, 600 எல்லாம் அவரவர் வீட்டுக் கணக்கு. ஒரு கம்பெனியின் 500-ஐ இன்னொரு கம்பெனியின் 50-ஓடு ஒப்பிட்டுப் பேசுகிறவரிடம் ரீல் வாங்காதீர்கள்.

இந்த நம்பரெல்லாம் சாதாரண நைலான் தங்கூசி காலத்தில் போட்டவை. இப்போது எல்லாரும் பின்னல் நரம்பு போடுகிறோம். அதே பலத்துக்குத் தடிமன் பாதிதான். ஒரு ஸ்பூலில் எவ்வளவு பிடிக்கும் என்பது தடிமனின் வர்க்கத்துக்குத் தலைகீழ். 0.50 மி.மீ. தங்கூசி 300 மீட்டர் பிடிக்கிற ஸ்பூலில் 0.35 மி.மீ. பின்னல் 600 மீட்டருக்கு மேல் போகும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் மீட்டர் கணக்கு எந்தத் தடிமனுக்கு என்று பாருங்கள், கைபேசியில் வகுத்துப் பெருக்கினால் அரை நிமிஷ வேலை. செய்து பார்த்தால் தெரியும், இருபதாம் நம்பர் ரீலிலேயே ஐம்பது பவுண்டுப் பின்னல் 300, 400 மீட்டர் சுகமாக உட்கார்ந்துவிடும்.

ஐம்பதாம் நம்பர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பெரிய சூரைக்கும் மயில்மீனுக்கும், சண்டை நாற்காலி போட்ட படகுக்கும் செய்தது. நம் படகில் உட்கார இடம் பலகைதான். தடியைக் கையில் தூக்கிப் பிடித்து, இடுப்பில் ஊன்றிச் சண்டை போட வேண்டும். மாட்டுங்காத் தங்கை ஒருத்தி, பேர் சொன்னால் கோபித்துக்கொள்வாள், போன வருஷம் யாரோ இரவல் கொடுத்த ஐம்பதை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் தோள்பட்டை கழன்ற மாதிரி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் வந்தது இரண்டு கிலோ ஊழி. அந்த ரீலுக்கு அது மீன் என்றே தெரிந்திருக்காது. அந்தமானுக்குக் காசு சேர்த்துப் போகிற அன்றைக்கு ஐம்பதைப் பற்றிப் பேசுவோம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்பதால் அன்றைக்கும் வாங்க வேண்டியதில்லை.

இனி ஸ்கார்பரோ ரீல். லைன் கவுண்டர் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆட்டோ மீட்டர் கணக்காய் எண் உருளுவது. மஸ்கிக்காரர்களுக்கு அது அவசியம். எத்தனை அடி நரம்பு விட்டால் இரை எத்தனை அடி ஆழம் போகிறது என்பதுதான் அவர்கள் பிழைப்பு. ஒரு மீன் கடித்த அதே நீளத்துக்கு அடுத்த தடவையும் விட வேண்டும். ஆனால் அந்த மீட்டர் நரம்பை அளப்பதில்லை, ஸ்பூல் சுற்றுவதை எண்ணுகிறது. கம்பெனி சொன்ன அளவுக்கு ஸ்பூல் நிறைந்திருந்தால்தான் எண் சரி. அறுந்து அறுந்து நரம்பு குறைந்தபின், மீட்டர் நாற்பது காட்டும், உள்ளபடிக்கு முப்பதுதான் போயிருக்கும். நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற பின்னல் நரம்பு வாங்குங்கள். நாலு நிறம் போனால் நாற்பது மீட்டர். மீட்டர் கெட்டுப்போகும், நிறம் கெடாது.

மீட்டராவது போகட்டும், அதை ஒட்டி முன்னால் இடமும் வலமும் ஓடி நரம்பை அடுக்குகிற லெவல்விண்ட் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். சுர்மை உருவுகிற வேகத்தில் அந்தச் சின்னக் கண்ணி வழியாக நரம்பு பாய வேண்டும். தடித்த தங்கூசியைப் பின்னலோடு முடிந்த இடம் அதில் தட்டினால் அங்கேயே அறுந்தது. உப்பு முதலில் போய் உட்காருவதும் அந்தத் திருகுத் தண்டின் காடியில்தான். தாராவித் தம்பி ஒருவன் கொண்டுவந்த நன்னீர் ரீலைத் திறந்தபோது காடி முழுக்க வெள்ளைப் பொடி இறுகிப்போயிருந்தது. பேரிங்கைத் தட்டினால் குண்டுகள் தனியாக, துருத்தூள் தனியாகக் கொட்டின. அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு இருந்த இடமெல்லாம் பூத்துவிட்டது. இரண்டு உலோகம், நடுவே உப்புநீர், வேறென்ன வேண்டும். மஸ்கி ரீல் வரட்டும், வேண்டாமென்று சொல்லாதீர்கள், பையன் ஆசையாகக் கொண்டுவருகிறான். அதில் மீட்டர் இல்லாத, உப்புநீருக்கென்று செய்த மாடல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வருகிறதை டிராம்பேயிலும் மாஹிமிலும் கரையில் நின்று போட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கழுவிக் கழுவி வைக்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? நான் சொல்வது: உப்புநீருக்குச் செய்த, லெவல்விண்ட் இல்லாத இருபதாம் நம்பர் மூன்று. முப்பதாம் நம்பர் ஒன்று, எப்போதாவது ஒரு கடல் விரால் வந்து அடியில் கல்லுக்குள் முட்டினால் தூக்குவதற்கு. எடை ஒவ்வொன்றும் முக்கால் கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். லீவர் டிராக் கிடைத்தால் நல்லது, காசு இடிக்கிறதென்றால் நட்சத்திர டிராக் போதும், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. பல்சக்கர விகிதம் ஆறுக்கு ஒன்று பக்கம் இருக்கட்டும். நரம்பு நிறைந்த ஸ்பூலில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் உள்ளே வரும். சுர்மை ஓடிக் களைத்ததும் திடீரென்று திரும்பிப் படகை நோக்கியே வரும் பாருங்கள், அப்போது நாலுக்கு ஒன்று ரீலை வைத்திருப்பவன் கை ஓய்ந்துபோவான், நரம்பு தொய்ந்து கொக்கி கழன்றுவிடும்.

நரம்பு: ஐம்பது பவுண்டுப் பின்னல் 300 மீட்டருக்குக் குறையாமல். அடியில் சில சுற்று தங்கூசி சுற்றிவிட்டுப் பின்னலைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும். ஈரத்துணியில் பிடித்து இறுக்கிச் சுற்ற வேண்டும். சால் குடியிருப்பின் நடைபாதையில் ஒருவர் அந்தக் கோடியில் துணியோடு நிற்க, ஒருவர் இந்தக் கோடியில் சுற்றலாம். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். முனையில் பத்துப் பதினைந்து மீட்டர் தங்கூசி, அதற்கு முன்னால் ஓரடி எஃகுக் கம்பி. சுர்மைப் பல் தங்கூசியைக் கத்தரித்துவிடும்.

டிராக் வைப்பதைக் கை உணர்வுக்கு விடாதீர்கள். மீன் மார்க்கெட்டில் தொங்கவிடுகிற சுருள்வில் தராசு ஒன்று வாங்குங்கள். தராசை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன் கொக்கியில் நரம்பைக் கட்டி, தடியை வளைத்து இழுத்துப் பாருங்கள். நரம்பு வழுக்க ஆரம்பிக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் டிராக். நரம்பு அறுபடுகிற எடையில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைக்கலாம் என்பது பொதுக்கணக்கு. ஐம்பது பவுண்டென்றால் ஐந்தரைக் கிலோவிலிருந்து ஏழரை வரும். நம் சுர்மைக்கு அதுவும் அதிகம். இரண்டரை, மூன்றில் நிறுத்துங்கள், நரம்புக்காக அல்ல, வாய்த் தோலுக்காக. கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்துபார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். முள் ஆடாமல் ஓரிடத்தில் நின்று வழுக்கினால் டிராக் தட்டு நல்ல தட்டு. விட்டுவிட்டு, குதித்துக் குதித்து வழுக்கினால் எந்தக் கம்பெனியானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம் கரையோரத் தண்ணீர் கழிமுகச் சேற்றால் கலங்கலாகவே கிடக்கும். சுர்மை தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன். தாண்டேலிடம் தெளிந்த நீர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டு அதுவரை போனபின் இரையை இறக்குங்கள். வேகம் நாலிலிருந்து ஆறு நாட். நாலு ரீல் வாங்கினாலும் மூன்றைத்தான் ஒரே நேரத்தில் விடுங்கள், அதுவும் இருபது, முப்பத்தைந்து, ஐம்பது மீட்டர் என்று வேறுவேறு தூரத்தில். படகு திரும்பும்போது சிக்கெடுக்கவே பொழுது போய்விடக் கூடாது. எண்ணெய்க் கிணற்று மேடைகளின் அடியில் மீன் கும்மாளம் போடும் என்று யாராவது ஆசைகாட்டினால் போகாதீர்கள். மேடையைச் சுற்றி 500 மீட்டர் தடை வளையம்.

திரும்பி வந்ததும் ரீலைக் கழுவுவது பற்றி. டிராக்கை இறுக்கிவிட்டுக் கழுவ வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தட்டுகளுக்குள் போகாது. குழாயைப் பீய்ச்சாதீர்கள், அது உப்பை உள்ளே தள்ளும். ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். தாராவியில் தண்ணீர் வருகிற நேரம் எனக்குத் தெரியும், ஒரு மக்குக்கு வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். துடைத்துக் காயவைத்தபின் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே ஒரு மாசம் கிடந்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. தடியை ஊன்ற இடுப்புப்பட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். சயான்–தாராவி சாலையில் தோல்கடைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நல்ல கெட்டித் தோலில் நாலு விரல் அகலப் பட்டை, நடுவே தடியின் அடி உட்காருகிற மாதிரி ஒரு கிண்ணம். படம் வரைந்து தருகிறேன், தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதாம் நம்பரை விட்டதில் மிச்சமாகிற காசில் நாலு பட்டையும் தராசும் உதிரி டிராக் தட்டும் வாங்கிவிடலாம்.

கடைக்குப் போகிற நாளைச் சொல்லுங்கள். காலையில் போனால் நானும் வருகிறேன், மத்தியானத்துக்கு மேல் வெயில் எனக்கு ஆகாது.

அன்புடன்,
ரீல் கழற்றுகிற மாமா,
செம்பூர்